கோடைக் குளமும் புள்ளின் வாழ்வும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் சங்கப் பாடல் ஒன்று நடைபெறுகிறது. பாடலின் இடையே 'குருகு' என்னும் சொல் வருகிறது. மாணவர் ஒருவர் எழுந்து, குருகு என்றால் என்ன என்று வினவுகிறார். பாடநூலின் அருஞ்சொற்பொருள் பகுதி, 'ஒருவகைப் பறவை' என்று விடை தருகிறது. ஆசிரியரும் அதையே சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். தமிழ் வகுப்புகளில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் காட்சி இது. ஒருவகைப் பறவை, ஒருவகை மீன், ஒருவகை மரம். விடையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் புலவன் தன் கண்ணால் கண்ட ஒன்று, படிப்பவன் கண்ணுக்கு எட்டாமல் அந்த இடத்தில் மறைந்துபோகிறது.

மறைந்ததை மீட்க நூலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஊர்க் குளத்தின் கரைக்குப் போனாலும் போதும். அதுவும் கோடையில் போக வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள். மழைக்காலத்துக் குளத்தின் அழகைப் பாடாத கவிஞர் இல்லை. வற்றத் தொடங்கிய கோடைக் குளத்தைப் பாட வருவோர் பெரும்பாலும் வெடித்த மண்ணையும் வறட்சியையும் மட்டுமே கண்டு திரும்புகின்றனர். அதே குளத்தில் அதே நாள்களில் நூற்றுக்கணக்கான கூடுகளில் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருக்கக் கூடும் என்பது அவர்கள் பாட்டில் இடம்பெறுவதில்லை.

கூந்தன்குளம்

தமிழில் நீர்நிலைக்கு ஊர்தோறும் ஒரு பெயர் உண்டு. தொண்டை நாட்டார் ஏரி என்பர். தாங்கல் என்றும் ஏந்தல் என்றும் சிறியவற்றைச் சுட்டுவர். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரப் பகுதிகளில் அது கண்மாய். நெல்லைச் சீமையில் குளம். எப்பெயரால் அழைத்தாலும் கரை, மடை, கலிங்கு, நீர்பிடிப்பு என்னும் உறுப்புகள் அவற்றுக்குப் பொது. அத்தகைய குளங்களுள் ஒன்று, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம். அதனை அடுத்து இருப்பது காடன்குளம். இவ்விரண்டும் சேர்ந்த 129.33 ஹெக்டேர் பரப்பு 1994 ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்நிலைகளைக் காக்க 1971 இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கையின் பட்டியலிலும் கூந்தன்குளம் இன்று இடம்பெற்றிருக்கிறது.

கூந்தன்குளத்துக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. பல சரணாலயங்களில் பறவைகள் நீர் நடுவே நிற்கும் மரங்களில் கூடு கட்டும். மனிதர் கரையில் நின்று தொலைநோக்கி வழியே காண்பர். இங்கோ குளத்தினுள் நிற்கும் கருவேல மரங்களோடு நில்லாமல், ஊருக்குள் வீட்டு முற்றத்திலும் தெருவிலும் நிற்கும் மரங்களிலும் பறவைகள் கூடமைக்கின்றன. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூட்டிலிருந்து தலை நீட்டிப் பார்க்க, கீழே பெண்கள் தண்ணீர்க் குடத்துடன் நடந்து செல்கின்றனர்.

வடகிழக்குப் பருவமழை குளத்தை நிறைத்த பின், மார்கழி, தை வாக்கில் பறவைகள் வரத் தொடங்குகின்றன. ஆனி, ஆடியில் நீங்குகின்றன. இடைப்பட்ட மாதங்களில் கோடை முழுமையும் அடங்கிவிடுகிறது.

கோடையின் கணக்கு

மழையற்ற வேனிலில் மலையும் காடும் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. மருதம் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. ஆயினும் சித்திரை மாதத்து நண்பகலில் வற்றிய குளத்தைக் காண்போர்க்கு, மருதமும் பாலையாகிவிட்டது என்றே தோன்றும். ஓரத்து மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். நீர் நடுப்பள்ளத்தில் ஒடுங்கியிருக்கும். கானல் ஆடும். குளத்தின் கதை முடிந்தது என்று பார்ப்பவர் முடிவு செய்துவிடுவார்.

பறவையின் கணக்கு வேறு. குளம் நிரம்பித் ததும்பும் காலத்தில் மீன்கள் பரந்த நீரில் சிதறிக் கிடக்கும். நீர் குறையக் குறைய அவை சிறு பரப்பில் வந்து நெருங்கும். ஆழமும் குறையும். நீண்ட காலும் நீண்ட மூக்கும் உடைய பறவைக்கு அதுவே அறுவடைக் காலம். மஞ்சள் மூக்கு நாரை மீனைக் கண்ணால் தேடுவதில்லை. கலங்கிய நீரில் அலகைப் பாதி திறந்து மூழ்கவைத்து, பக்கவாட்டில் வீசி வீசி நடக்கும். காலால் சேற்றைக் கலக்கும். அலகின் உட்புறத்தில் மீன் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். தொட்டறிந்து பிடிக்கும் இவ்வேட்டைக்கு மீன் நெருக்கமாக இருத்தல் இன்றியமையாதது. ஆகவே குஞ்சுகளுக்கு உணவுத் தேவை உச்சத்தில் இருக்கும் வாரங்கள் நீர் ஒடுங்கும் வாரங்களோடு பொருந்தி வரும்படி நாரையின் இனப்பெருக்கக் காலம் அமைந்துள்ளது.

கோடையை அழிவின் காலம் என்று மட்டும் எழுதுவோர் இக்கணக்கை உளங்கொள்ள வேண்டும். குளம் வற்றுவதால்தான் நாரைக் குஞ்சு வளர்கிறது. ஆனால் இந்தத் தராசு மிக நுண்ணியது. மழை பொய்த்து நீர் முன்னதாகவே தீர்ந்துவிட்டால், இரை கொணர இயலாத பெற்றோர் கூட்டைக் கைவிட்டுப் பறந்துவிடுவதும் உண்டு. நீர் சூழ்ந்திருந்தவரை அணுக இயலாத மரத்தடிக்கு, தரை காய்ந்தபின் நாயும் கீரியும் எளிதில் வந்துவிடும். ஒரு முழம் நீர் கூடுதலா குறைவா என்பதில் ஒரு தலைமுறைக் குஞ்சுகளின் உயிர் தொங்குகிறது.

கரையில் ஒரு பகல்

கோடையில் ஒரு நாள் விடியற்போதில் கரையில் வந்து அமர்பவர்க்கு முதலில் கேட்பது ஒலி. அதிலும் ஒரு வியப்பு உண்டு. வளர்ந்த மஞ்சள் மூக்கு நாரைக்குக் குரல் எழுப்பும் ஆற்றல் ஏறத்தாழ இல்லை. இணையைக் காணும்போது அலகுகளைத் தட்டி ஓசை எழுப்புவதோடு சரி. கூட்டில் கேட்கும் ஓயாத கூச்சல் முழுவதும் குஞ்சுகளுடையது. பேசாத பெற்றோர்க்குப் பேசும் பிள்ளைகள்.

கரையோரப் பொட்டலில் கால் வைத்ததும் ஆள்காட்டி கூவி எழும். வருவோரைக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி என்று பெயர். அதன் முட்டைகள், பெரும்பாலும் நான்கு, வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு இடையே கிடக்கும். கல்லுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது. கூடு என்று சொல்லத் தக்க அமைப்பும் இல்லை, நிழலும் இல்லை. உச்சி வெயிலில் முட்டை வெந்துபோகாதா என்று கேட்கத் தோன்றும். தாயும் தந்தையும் நீர் விளிம்புக்கு ஓடி, வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்கின்றன. குளிர் நாட்டுப் பறவைக்கு அடைகாத்தல் என்பது சூடு தருவது. கோடைத் தமிழகத்தின் ஆள்காட்டிக்கு அது குளிர்ச்சி தருவதும் ஆகிறது.

சேற்று விளிம்பில் நத்தை குத்தி நாரை நடக்கும். அலகின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருப்பது அதன் அடையாளம். பிறந்த குஞ்சுக்கு இவ்விடைவெளி இல்லை. வளர வளரவே தோன்றுகிறது. நீர் வற்றும்போது நத்தை தன் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். விரால் மீன் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாக உறிஞ்சி, மற்ற மீன்கள் மாண்டுபோகும் குட்டையிலும் உயிர் தாங்கும். ஆமை ஈரமண்ணில் புதைந்து அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். வெடித்த தரை என்று கவிஞர் கடந்துபோகும் இடத்துக்குக் கீழே உறங்கும் உயிர்கள் பல.

வெயில் ஏறுகிறது. நீருக்கு மேல் தட்டான்கள் பறக்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி எழுந்து, பட்ட கிளையில் சிறகை விரித்து உலர்த்துகின்றன. கழுத்தை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி நீந்தும்போது பாம்பெனத் தோன்றுவதால் பாம்புத்தாரா என்று பெயர் பெற்றது அது. உண்மையான நீர்ப்பாம்பும் அருகிலேயே தவளையைத் தேடி நெளிந்து போகிறது. மேலே பருந்து வட்டமிட, கூட்டில் தனித்து விடப்பட்ட முட்டைக்காகக் காகம் காத்திருக்கிறது. குளக்கரை அமைதியான இடம் என்பது தொலைவிலிருந்து பார்ப்பவரின் எண்ணம்.

நண்பகலில் நாரைக் கூட்டை நோக்குபவர் நெஞ்சை உருக்கும் காட்சி ஒன்றைக் காண்பார். தாயோ தந்தையோ கூட்டின் விளிம்பில் சிறகுகளை அகல விரித்து நிற்கும். அச்சிறகின் நிழலில் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். வெயிலின் திசை மாற, நிற்கும் பறவையும் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். அதன் கால்களில் வெள்ளைக் கறை படிந்திருக்கும். தன் எச்சத்தின் ஈரத்தைத் தன் கால்களிலேயே படியவிட்டு, அது உலரும்போது உண்டாகும் குளிர்ச்சியால் உடற்சூட்டைத் தணித்துக்கொள்வது நாரையினத்தின் வழக்கம். அடுத்த கிளையில் கூழைக்கடா வாயைத் திறந்து தொண்டைப் பையை நடுக்கி வெப்பத்தை வெளியேற்றும். அதன் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை நுழைத்து இரை உண்ணும். அறியாதவர், தாய் குஞ்சை விழுங்குவதாகவே எண்ணுவர்.

நிழல் தரும் இச்சிறகைக் கண்டவர்க்குப் பாலைக்கலி நினைவுக்கு வரும். பொருள் தேடிப் பாலை வழியே சென்ற தலைவன் திரும்பி வருவான் என்பதற்குத் தலைவி சொல்லும் சான்றுகளாக மூன்று விலங்குக் காட்சிகளைப் பெருங்கடுங்கோ அமைத்திருக்கிறார். எஞ்சிய சிறு நீரைப் பிடிக்கு முதலில் ஊட்டும் களிறு. வெப்பத்தால் வாடிய பேடைக்குத் தன் சிறகால் விசிறும் புறா. மரநிழல் இல்லாத இடத்தில் தன் உடலின் நிழலைப் பிணைக்குத் தரும் கலைமான். இவற்றைக் கற்பனை நயம் என்று பாராட்டி முடித்துவிடுவது வகுப்பறை வழக்கம். கோடைக் குளத்து நாரையைக் கண்டபின், புலவர் வெயிலில் நின்று பார்த்தவர் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஒரு பறவையும் மூன்று புலவரும்

குருகு என்ற சொல்லுக்கு இப்போது திரும்பலாம். குறுந்தொகையின் 25 ஆம் பாடல் கபிலர் பாடியது. தலைவனும் தலைவியும் களவில் கூடிய நாளில் வேறு யாரும் இல்லை. ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றே இருந்தது என்று தலைவி வருந்துகிறாள். அக்குருகின் காலுக்குத் தினையின் தாளை உவமை கூறுகிறார் கபிலர். மெலிந்தும் பசுமை சாயல் கொண்டும் இருக்கும் கால்.

குளக்கரையில் நிற்கும் கொக்குகளின் கால்களை உற்று நோக்குவோர்க்கு இவ்வுவமையின் துல்லியம் விளங்கும். சின்ன வெள்ளைக் கொக்கின் கால் கறுப்பு. பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்கு கோடையில் தலையிலும் கழுத்திலும் பொன்னிறம் பூசிக்கொள்ளும். ஆயினும் அதன் காலுக்குத் தினைத்தாள் உவமை பொருந்தாது. மங்கிய பச்சை சாயல் கொண்ட சிறிய கால் உடையது மடையான். குருட்டுக் கொக்கு என்றும் அதனை வழங்குவர். ஆள் மிக நெருங்கும்வரை அசையாது நிற்பதால் கண் தெரியாததென்று மக்கள் கருதினர். கபிலர் கண்டது மடையானே என்று அறுதியிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஒரு குறிப்பிட்ட பறவையின் காலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்பதைச் சொல்லலாம். அங்கிருந்த ஒரே சான்று தன்னைப் பார்க்கவே இல்லை, மீனையே பார்த்தது என்பதில்தான் தலைவியின் துயரம் முழுமை பெறுகிறது. மடையான் எப்படி நிற்கும் என்று அறியாதவர்க்கு அத்துயரத்தில் ஒரு பாதி எட்டாது.

பின்வந்த வள்ளுவர், காலமறிதல் அதிகாரத்தில் கொக்கை உவமை ஆக்கினார். ஒடுங்கியிருக்க வேண்டிய பருவத்தில் ஒடுங்கி, வாய்த்த நேரத்தில் தப்பாமல் குத்தும் அதன் செயலை அரசனுக்குப் பாடமாக வைத்தார். மூதுரையில் ஔவையார், சிறுமீன்களைப் போகவிட்டுத் தக்க மீன் வரும்வரை காத்திருக்கும் கொக்கைக் காட்டி, அடக்கம் உடையவரை அறிவிலாதவர் என்று எண்ணி வெல்ல நினைக்க வேண்டா என்று எச்சரித்தார். கபிலர்க்கு அது கையறுநிலையின் சான்று, வள்ளுவர்க்கு அரசியல், ஔவையார்க்கு அறம். காட்சி ஒன்றுதான். மூவரும் பார்த்தார்கள், ஒருவர் கண்டதை மற்றவர் திருப்பிச் சொல்லவில்லை. கொக்கைப் பாராமல் மூதுரையைப் பார்த்து எழுதியவர்களின் கொக்குகளே பிற்காலத்தில் தேய்வழக்காயின.

நாரைக்கும் இதே நிலை. சத்திமுற்றப் புலவரின் தனிப்பாடல் தமிழறிந்தோர் நாவில் இன்றும் வாழ்கிறது. சிவந்த காலையும், பிளந்த பனங்கிழங்கை ஒத்த அலகையும் அவர் சொல்லும்போது, பனங்கிழங்கைப் பிளந்து தின்று வளர்ந்த எவர்க்கும் அந்த அலகு கண்முன் வந்துவிடுகிறது. தென்திசைக் குமரியில் ஆடி வடக்கே திரும்பும் பறவை அது என்றும் புலவர் சொல்கிறார். பனிக்காலத்தில் வந்து வேனிலுக்கு முன் நீங்கும் செங்கால் நாரையின் வலசை இயல்போடு இது பொருந்துகிறது. கோடைக் குளத்தில் அந்த நாரையைத் தேடினால் கிடைக்காது. இமயத்துக்கு அப்பாலிருந்து கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தும் அப்போது தன் நாட்டுக்குத் திரும்பியிருக்கும். வைகாசி மாதத்து வெயிலைப் பாடும் கவிதையில் செங்கால் நாரையை நிறுத்துபவர் நூலில் படித்த நாரையை நிறுத்துகிறார். வைகாசியில் நிற்பது மஞ்சள் மூக்கு நாரை; அதற்கென ஒரு பாட்டு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

ஊரும் பறவையும்

குளத்துப் பறவைகளைப் பாடுவோர் அக்குளத்து ஊராரை மறத்தல் ஆகாது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் கூடிய பறவைகளை ஆங்கிலேயப் படையினர் சுட்டபோது, ஊர் மக்கள் எழுந்து முறையிட்டனர். 1798 ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவ்வூராரின் உரிமையை ஏற்று ஆவணம் வழங்கினார். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வந்தது 1972 இல். சட்டம் வருவதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்தறிவு பரவாத ஒரு சிற்றூர் தன் பறவைகளுக்காக ஆட்சியின் கதவைத் தட்டியிருக்கிறது.

அவ்வூரார்க்கு அதனால் பயனும் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. கூந்தன்குளத்து உழவரும் இதனை அறிவர். பயன் கருதிய அன்பு தாழ்ந்ததென்று எண்ண வேண்டியதில்லை. நெல்லுக்கு நீரும், நீருக்குப் பறவையும், பறவைக்கு ஊரின் மரமும் என ஒன்றையொன்று தாங்கும் வாழ்க்கைமுறையைத்தான் தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று பகுத்துக் காட்டினார். புள்ளும் கருப்பொருள், உணவும் தொழிலும் கருப்பொருள்.

அந்த வாழ்க்கைமுறைக்கு விலையும் உண்டு. கூந்தன்குளத்தில் கோடை முழுவதும் முற்றத்து மரத்திலிருந்து எச்சம் விழும். மீன் நாற்றம் வீசும். குஞ்சுகளின் கூச்சல் இரவிலும் ஓயாது. துவைத்த துணியைக் காயப்போட இடம் பார்க்க வேண்டியிருக்கும். அவ்வூரார் மரத்தை வெட்டவில்லை. பறவைகள் வருவதை நற்பேறாகக் கருதுகின்றனர். தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் அவர்கள் விட்டுவிட்டனர். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே வழக்கம் நிலவுகிறது. பண்டிகை நாளில் வெடிக்கு அழும் குழந்தைக்கு, மரத்துக் குஞ்சு அஞ்சும் என்று தாய் சொல்லும் விடை எந்த நீதிநூலுக்கும் குறைந்ததன்று.

கோடைக் காற்று வலுக்கும் நாள்களில் கூட்டிலிருந்து குஞ்சுகள் தவறி விழும். கூட்டில் உடன்பிறப்பின் தள்ளுமுள்ளில் விழுவதும் உண்டு. தரையில் விழுந்த குஞ்சுக்குப் பெற்றோர் இரை கொணர்வதில்லை. கூந்தன்குளத்தில் அத்தகைய குஞ்சுகளை எடுத்து வந்து, அதற்கென அமைத்த அடைப்பில் வைத்து, மீன் கொடுத்து, சிறகு முற்றிப் பறக்கும்வரை வளர்க்கின்றனர். விழுந்தவற்றுள் எல்லாமே பிழைப்பதில்லை. பிழைத்தவை ஆடி மாதத்தில் மற்றவற்றோடு வானில் கலந்துவிடும். வளர்த்தவர் முகத்தை அவை மீண்டும் தேடி வருவதில்லை. வளர்த்தவரும் அதை எதிர்பார்ப்பதில்லை.

தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்கள் வகுக்கப்பட்டுள்ளன. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்கள் உரியன என்கிறது அவ்விலக்கணம். கிளிப்பிள்ளை என்றும் அணிற்பிள்ளை என்றும் தமிழர் இன்றும் சொல்லும் வழக்கம் அம்மரபின் நீட்சி எனலாம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் இச்சொல்லின் பொருள், விழுந்த நாரைக் குஞ்சை மடியில் ஏந்தி மீன் ஊட்டும் கைகளில் உயிரோடு இருக்கிறது.

கவிஞர்க்கு

இத்தனையும் ஓர் இலக்கிய அரங்கில் சொல்ல வேண்டிய செய்தியா என்று கேட்போர் இருக்கலாம். தமிழிலேயே இதற்கு விடை உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996), காட்டுயிர்களை வாழ்நாள் முழுவதும் நோக்கி எழுதியவர். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற அவர் தமிழிலும் பறவைகளைப் பற்றிக் கட்டுரைகள் வரைந்தார். பி. எல். சாமி, சங்க இலக்கியத்தில் வரும் புள்ளினங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்ன பறவை என்று காட்ட முயன்று ஒரு நூலே படைத்தார். அவர் முடிவுகள் சிலவற்றோடு அறிஞர் மாறுபடலாம். 'ஒருவகைப் பறவை' என்ற விடையோடு அமைதி கொள்ளாத அந்த உழைப்பு தமிழாசிரியர் அனைவர்க்கும் வழிகாட்டி.

கவிதைக்கு இதனால் வரும் ஆக்கம் பெரிது. பறவை என்னும் பொதுச்சொல் கவிஞர்க்கு எளிது. அது எதைச் சொன்னாலும் தாங்கும். விடுதலை, தனிமை, காதல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல்லில் எதுவும் ஆழப் பதிவதில்லை. மடையான், வக்கா, நாமக்கோழி, முக்குளிப்பான், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், உள்ளான், ஆள்காட்டி என்று ஊரார் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு பார்வை. பல, ஒரு சொல்லில் முடிந்த கவிதைகள். அரிவாளைக் கையில் பிடித்தவன்தான் அந்த மூக்குக்கு அப்பெயரை இட்டிருக்க முடியும். பெயரிட்டவன் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இப்பெயர்கள் வாய்வழியே வாழ்பவை. குளம் தூர்ந்து, சீமைக்கருவேல் மண்டி, வரத்துக்கால் அடைபட்டு, கரைக்குப் போகும் பழக்கம் ஊராரிடம் ஒழியும்போது பறவை முதலில் போகிறது. அதன்பின் பெயர் போகிறது. பெயர் போனபின், பாட்டில் அப்பெயரைப் படிக்கும் பிள்ளைக்கு 'ஒருவகைப் பறவை' என்பது மட்டுமே எஞ்சுகிறது. அகராதியில் ஒரு சொல் பொருளிழப்பதன் தொடக்கம் சில வேளைகளில் ஊர்க் குளத்தின் மடையருகே நிகழ்கிறது. சொல்லைக் காக்க வந்தவர்கள் கவிஞர்கள் என்றால், குளமும் அவர்கள் பொறுப்பில் ஒரு பகுதி.

இலக்கிய வட்டத்துக்குப் பத்து ஆண்டுகள் நிறைந்திருக்கின்றன. கூட்டங்கள் அரங்கினுள் நடந்தன, இனியும் நடக்கும். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையேனும் சித்திரை அல்லது வைகாசியில் ஒரு குளக்கரையில் வைக்கலாம். தாளும் எழுதுகோலும் அன்று வேண்டா. கூட்டுக்கு மிக அருகில் செல்லாமல், உரக்கப் பேசாமல், விடியலில் தொடங்கி வெயில் உச்சிக்கு ஏறும்வரை அமர்ந்திருத்தல் போதும். மடையானின் காலைப் பார்க்கலாம். நாரையின் சிறகு நிழல் எத்திசைக்கு நகர்கிறது என்று பார்க்கலாம். எந்தக் கல் கல், எந்தக் கல் முட்டை என்று பார்க்கலாம். ஊரார் ஒருவரிடம் பெயர்களைக் கேட்டறியலாம்.

அடுத்த ஆண்டு வகுப்பறையில் ஒரு மாணவர் எழுந்து குருகு என்றால் என்ன என்று கேட்கும்போது, ஆசிரியர் பாடநூலை மூடி வைத்துவிட்டு, நீரோரத்தில் கழுத்தை ஒடுக்கி நிற்கும் ஒரு சிறு பறவையை, அதன் பசுமை படிந்த காலை, மீனைத் தவிர எதையும் பாராத அதன் கண்ணைச் சொல்லத் தொடங்குவார். கபிலரின் பாடல் அந்த வகுப்பில் அன்றுதான் நடத்தப்பட்டதாகும்.